ஆறு பேர் உட்காரும் மேசை

2021 ஜூன் 14

மழை இல்லை, காற்று மட்டும்தான். பாலக்காட்டுப் பக்கமிருந்து கிளம்புகிற காற்று இந்த மாதத்தில் எங்கள் கணபதி ஏரியா வரைக்கும் வந்து எல்லா வீட்டுக் கதவையும் ஒரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மாடியில் காயப்போட்ட போர்வை எதிர்வீட்டு வேப்பமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை எடுக்கவே காலை போய்விட்டது.

மேல் போர்ஷனில் குடியிருக்கும் சம்யுக்தா இறங்கி வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கொரோனா வந்ததிலிருந்து கட்டிலில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாளாம், முதுகு விட்டுப்போகிறதாம். எங்கள் ஹாலில் சும்மா கிடக்கும் எழுத்து மேசையையும் சுழல் நாற்காலியையும் தர முடியுமா என்று கேட்டாள். எடுத்துக்கொண்டு போ கண்ணு என்றேன். சும்மா வேண்டாம், மாதாமாதம் வாடகை தருகிறேன் என்றாள். மேசைக்கு வாடகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. விளையாட்டுக்குக் கடைக்காரி மாதிரி, "எத்தனை மாசத்துக்குங்க?" என்று கேட்டேன். ஆறு மாசம் என்றாள், அவளும் விளையாட்டாக.

அந்த மேசை இவர் மஸ்கட்டிலிருந்து முதல் லீவில் வந்தபோது வாங்கியது. இவர் என்றால் சதாசிவம், என் வீட்டுக்காரர். அங்கே ஒரு கட்டிடக் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு. வீட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் இவர் ஒவ்வொரு லீவில் வந்தபோது வாங்கியதுதான். மேசையும் நாற்காலியும் போன பிறகு அந்த மூலையில் வெயில் வந்து தரையில் படுத்திருந்தது. இத்தனை வருஷமாக அந்த வெயில் எங்கே இருந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 20

ஞாயிற்றுக்கிழமை போன். வீடியோவில் பேசும்போது எழுத்து மேசை இருந்த மூலை தெரியாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டேன். சொன்னால் கோபப்படுவார். தன் வியர்வையில் வாங்கின பொருளை ஊரார் உபயோகிப்பதா என்பார். என்பார் என்று நினைக்கிறேன். இதுவரை அப்படி எதுவும் சொன்னதில்லை.

அவர் பின்னால் சின்ன ஃபிரிட்ஜும் ஜன்னலும் தெரிந்தன. டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறாராம்.

ஜூலை 9

சம்யுக்தாவின் சிநேகிதிகள் இரண்டு பேர், அவர்கள் சொல்லி இன்னும் நாலு பேர். எல்லோருக்கும் மேசை வேண்டும், யாருக்கும் சொந்தமாக வாங்க இஷ்டமில்லை. எப்போது கம்பெனி பெங்களூருக்குக் கூப்பிடுமோ, மேசையைத் தலையிலா சுமந்துகொண்டு போவது என்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

மூடிவிட்ட டியூஷன் சென்டர் ஒன்றிலிருந்து பழைய மேசைகளை வாங்கிப் போட்டேன். கிழிந்த மெத்தை நாற்காலிகளுக்குத் துணி மாற்ற உக்கடத்திலிருந்து ஹசீனா வந்தாள். சோபா உறை தைக்கிறவள். மாடியிலேயே உட்கார்ந்து ஊசியும் வாயுமாக இருந்தாள். சாயங்காலம் போகும்போது, "அக்கா, இது விளையாட்டு இல்ல, யாவாரம். நான் கூட்டு," என்றாள். நான் சரியென்றோ இல்லையென்றோ சொல்வதற்குள் தன் டிபன் பாக்ஸைக் கழுவி என் அலமாரியில் வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 2

ஆடிக் காற்று. வெளியே போகிற ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதுகிறோம். என் கையெழுத்துதான் நன்றாக இருக்கிறது என்று ஹசீனா பிரஷை என்னிடம் கொடுத்துவிட்டாள். நம்பர் இருந்தால் வெளியே போகிற பொருள். நம்பர் இல்லாவிட்டால் வீட்டுப் பொருள். குழப்பம் வரக்கூடாது என்பதற்காக இந்தச் சட்டம்.

திரும்பி வருகிற பொருளை நான் ஒரு நாள் முழுக்க மாடியில் வெயிலில் வைக்கிறேன். அன்றைக்கு அதில் யாரும் உட்காரக் கூடாது. ஹசீனா கிண்டல் செய்கிறாள், நாற்காலிக்கு என்ன பிரசவமா நடந்தது ஓய்வு கொடுக்க என்று. ஆனால் ஒரு வீட்டில் இருந்துவிட்டு வந்த நாற்காலியை உடனே இன்னொரு வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை. அடுத்த நாள் நானே ஒரு தரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அனுப்புகிறேன். ஒன்றில் குழந்தைப் பவுடர் வாசனை. ஒன்றின் கைப்பிடியில் யாரோ நகத்தால் சின்ன மீன் வரைந்திருந்தார்கள். அதைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 18

நம்ம ஊர் ராமநாதபுரத்திலேயே ஒரு புதுக்குடித்தனம். ஷோகேஸ் வேண்டும் என்று அந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்றாள். எங்களிடம் இல்லை. வீட்டில் இருந்தது. நாலு மாசத்துக்குத்தானே என்று பொம்மைகளை எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு, அடியில் நம்பர் எழுதினேன்.

செப்டம்பர் 19

போனுக்குச் சமையலறையில் உட்கார்ந்தேன். ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்றார். காற்று நன்றாக வருகிறது என்றேன். சமையலறையில் ஜன்னலே கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

நவம்பர் 4

தீபாவளி. ஹசீனா வீட்டுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டேன், அவள் பிரியாணி அனுப்பினாள். சோபா போன வாரம் ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறைக்குப் போய்விட்டது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன், காலை நீட்டிக்கொண்டு.

கனவு கண்டேன். ஹால் நடந்துகொண்டே போகிறது. சுவர் வரவே இல்லை. சிங்காநல்லூர் குளத்தோரம் என் டிவி ஸ்டாண்டு நிற்கிறது. கொஞ்ச தூரத்தில் மருதமலை அடிவாரத்தில் என் பீரோ. அதைத் திறந்தால் உள்ளே என் சேலைகள் யாருடையதோ போல மடித்திருக்கின்றன. பயமாகவே இல்லை. வீடு காலியாகவில்லை, பெரிதாகிவிட்டது என்று கனவுக்குள் எனக்கே சொல்லிக்கொண்டேன். விழித்த பிறகும் அந்த நினைப்பு போகவில்லை. பால்காரரிடம் பேசும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தேன் போலிருக்கிறது, என்னம்மா நல்ல சேதியா என்று கேட்டார்.

நவம்பர் 28

டிசம்பர் லீவு கிடைக்கவில்லையாம். கம்பெனியில் ஆள் குறைவு என்றார். நல்லதாகப் போயிற்று, வீட்டில் சோபாவே இல்லை.

அவர் பின்னால் இந்தத் தடவை ஃபிரிட்ஜ் இல்லை. இரும்புக் கட்டில் தெரிந்தது, அடுக்குக் கட்டில். மேல் தட்டிலிருந்து சாக்ஸ் போட்ட இரண்டு கால்கள் தொங்கின. அவர் எப்போதும் தனியறையில் இருந்தவர். அறை மாறிவிட்டாரோ என்னவோ. கேட்கவில்லை. பணம் வந்தது, கொஞ்சம் குறைச்சல். பாங்க்கில் பிடித்திருப்பார்கள்.

2022 பிப்ரவரி 11

ஆபீஸ்கள் திறக்கின்றன. மூடிக்கிடந்த பம்ப் மோட்டார் பட்டறை ஒன்றை எடுத்துக் கிடங்காக்கிவிட்டோம். சுவரெல்லாம் எண்ணெய் வாசனை, கூரைத் தகரத்தில் புறா. நாற்பது நாற்காலிகளை வரிசையாக நிறுத்தினபோது யாரோ கூட்டம் பேச வருவதற்கு முன்னால் இருக்கிற மாதிரி ஓர் அமைதி. நானும் ஹசீனாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்து டீ குடித்தோம். மேடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புறா நடந்துகொண்டிருந்தது.

'கோகிலம் வாடகை ஃபர்னிச்சர்' என்று போர்டு மாட்டினோம். ஹசீனா பெயரையும் சேர்க்கலாம் என்றேன். அவள் வேண்டாம் என்றாள், மாமியார் பார்த்தால் ஒரு மாதத்துக்குப் பேசுவாராம்.

மார்ச் 7

நாள் முழுக்க அலைச்சல். கால் வலி. போர்டு வெயிலில் பளபளக்கிறது.

மார்ச் 23

இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ், பெரிய ஆர்டர். எல்லாம் இறக்கியாயிற்று. அங்கே சாமான் பொறுப்பில் இருக்கும் ஃபெலிக்ஸ் முந்தாநாள் மதியம் போன் செய்தான். மீட்டிங் மேசை ஒன்று வேண்டும், நாளைக் காலையில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், கிடைக்காவிட்டால் மொத்த ஆர்டரையும் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்கிறார்கள் என்றான். ஊர் முழுக்க அலைந்தோம். எங்கேயும் இல்லை. ஹசீனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசில் இருந்தது எது என்று எனக்குத் தெரியும்.

கல்யாணமான வருஷம் இவர் வாங்கின சாப்பாட்டு மேசை அது. தேக்கு. ஆறு பேர் உட்காரலாம். நாங்கள் இரண்டு பேர்தானே, எதற்கு இவ்வளவு பெரிதாக என்று நான் கேட்டதற்கு, நாலு பேர் வருவாங்க இல்ல என்றார். யாரும் வரவில்லை. டாக்டர், கோயில், எல்லாம் பார்த்தாயிற்று. அதற்காக இவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஊரில் இருக்கும் நாட்களில் வேளைக்கு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுவார். எல்லா நாற்காலிக்கும் ஆள் பழக்கம் வேண்டும், இல்லாவிட்டால் மரம் இறுகிப்போகும் என்பார். மரம் அப்படியெல்லாம் இறுகாது. அவர் போன பிறகும் நான் அப்படியே மாறி மாறி உட்கார்ந்து சாப்பிட்டு வந்தேன்.

எங்கள் சாமானை ஏற்றுகிற ரங்கசாமியின் குட்டியானை மினி லாரி வாசலில் வந்து நின்றது. மேசையைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். அடியில் படுத்துக்கொண்டு நம்பர் எழுதினேன், பெயிண்ட் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. நாற்காலிகள் ஆபீசுக்கு வேண்டாமாம், அவர்களிடம் சக்கரம் வைத்தது இருக்கிறது. மேசை இல்லாமல் இந்த ஆறும் எதற்கு என்று அவற்றுக்கும் எழுதிவிட்டேன். மறுநாளே ஒரு பேக்கரிக்குப் போய்விட்டன.

வண்டி திருப்பத்தில் மறையும் வரை வாசலிலேயே நின்றேன். காற்றுக்கு மேசை மேல் போர்த்தின துணி உப்பிக்கொண்டு, உள்ளே யாரோ எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

மார்ச் 27

பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ஹாலின் நடுவில் உட்கார்ந்தேன், முதுகுக்குப் பின்னால் மொத்த ஹாலும் தெரியும்படி. மறைத்து மறைத்துச் சலித்துவிட்டது. பார்க்கட்டும், கேட்கட்டும், திட்டட்டும் என்று இருந்தேன்.

அவர் அசையாமல் பார்த்தார். படம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சாப்ட்டியா?" என்றார்.

அவருக்கு என் முகம் மட்டும்தான் தெரிகிறது போல. அதுவும் நல்லதுதான். பருப்பு தீய்ந்துவிட்டது, பாத்திரத்தை இரண்டு நாள் ஊறப்போட வேண்டும்.

ஜூன் 12

மழைக்கு முந்தின இருட்டு, மதியமே விளக்கு போட வேண்டியிருந்தது. மேசை போன சரவணம்பட்டி ஆபீஸ் இன்னும் ஒரு வருஷத்துக்கு வாடகையைப் புதுப்பித்துவிட்டது. சம்யுக்தா வேலை மாறி ஹைதராபாத் போகிறாள். எழுத்து மேசையையும் நாற்காலியையும் துடைத்து, மேலே ஒரு சாக்லேட் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு நாள் வெயிலில் வைத்தோம். வெயில்தான் வரவில்லை. அப்புறம் அதுவும் பீளமேட்டுக்குப் போய்விட்டது.

இப்போதெல்லாம் சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது, ஊரில் எங்கெங்கோ என் சாமான்களைச் சுற்றியும் விளக்கு எரியத் தொடங்கும் என்று தோன்றும். யாரோ என் கட்டிலில் காய்ச்சலில் படுத்திருப்பார்கள். யாரோ என் சோபாவில் பல்வலியோடு காத்திருப்பார்கள். அவர்கள் முகம் தெரியாது. எல்லோரும் என் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள், நான்தான் சமையலறையிலிருந்து வெளியே வராமல் இருக்கிறேன், அப்படி ஒரு மயக்கம். தனியாக இருக்கிறேன் என்ற நினைப்பே அந்த நேரத்தில் வருவதில்லை. மற்ற நேரத்தில் வருகிறது.

செப்டம்பர் 4

அவர் மெலிந்திருக்கிறார். கேட்டதற்கு கேமரா சரியில்லை என்றார். இந்த வருஷமும் லீவு இல்லை.

லீவு இல்லையா, வர மனசு இல்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பதில் அங்கே வெயில் எப்படி என்று கேட்டேன்.

2023 ஜனவரி 22

பொங்கல் முடிந்து கிடங்கில் சாமானே இல்லை, எல்லாம் வெளியே. ஹசீனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திருப்பூரில் ஒரு கிளை போடலாம் என்கிறாள். காலிக் கிடங்கில் எங்கள் குரல் இரண்டு தரம் கேட்டது. புறாக்கள் மட்டும் வாடகை தராமல் இருக்கின்றன.

பிப்ரவரி 19

வருகிறாராம். மார்ச் பத்தாம் தேதி. கொச்சியில் இறங்கி ரயிலில்.

வேறு எதுவும் இன்று எழுத வரவில்லை.

பிப்ரவரி 20

வந்து பார்த்தால் என்ன சொல்வார்? பதினைந்து வருஷம் வெயிலில் நின்று வாங்கிப்போட்டதில் ஒன்றுகூட வீட்டில் இல்லை. நான் பாய் போட்டுப் படுக்கிறேன். இரண்டு ஸ்டூல் இருக்கிறது, அதிலும் நம்பர் இருக்கிறது. எனக்கு ஒரு வீடு தேவையே இல்லாமல் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்துத் திரும்பிப் போய்விட்டால் இனி வரமாட்டார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அவர் வந்து இங்கேயே இருந்துவிட்டால், இந்த அலைச்சல், இந்தக் கிடங்கு, ஹசீனாவோடு டீ, இதெல்லாம் என்ன ஆகும் என்றும் பயமாக இருக்கிறது. இரண்டு பயமும் ஒரே அறையில் குடியிருக்கின்றன.

மார்ச் 1

ஃபெலிக்ஸிடம் மேசையைத் திருப்பித் தர முடியுமா என்று கெஞ்சினேன். வேறு புது மேசை, கண்ணாடி வைத்தது, தருகிறேன் என்றேன். முடியாது மேடம் என்றான். எல்லோருக்கும் அந்த மேசைதான் பிடித்திருக்கிறதாம், அதில் உட்கார்ந்தால்தான் சண்டை போடாமல் பேசுகிறார்களாம்.

அவனைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மார்ச் 8

வீட்டை நிரப்பியாயிற்று. இரண்டு படுக்கையறைக் குடும்பத்துக்கு அனுப்புகிற செட்டை அப்படியே இறக்கினோம். சாம்பல் நிற சோபா, கண்ணாடி மேசை, நாலு நாற்காலி, கட்டில், புது மெத்தை. ரங்கசாமி பழக்கதோஷத்தில் என்னிடமே கையெழுத்து கேட்டார். ஹசீனா கட்டில் மேல் விரிப்பைப் போட்டுவிட்டு, "புருஷனுக்கே டெலிவரி குடுத்த முத ஆள் நீதான்க்கா," என்றாள்.

வீடு அழகாக இருக்கிறது, யார் வீடோ மாதிரி. மாடியில் பேக்கரியிலிருந்து திரும்பி வந்த ஆறு தேக்கு நாற்காலிகள் வெயிலில் கிடக்கின்றன. அவற்றைக் கீழே இறக்கலாம் என்று பார்த்தேன். கண்ணாடி மேசையோடு சேரவில்லை. விட்டுவிட்டேன்.

மார்ச் 10

வந்துவிட்டார். காதோரம் முழுக்க நரைத்துவிட்டது. வழக்கமாக லீவுக்கு ஒரு பெட்டியோடு வருவார், இந்தத் தடவை மூன்று. எதற்கு மூன்று என்று கேட்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலில் நின்றார். சோபாவைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், ஒரு விரலால் கண்ணாடியைத் தொட்டார். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. குளித்துவிட்டு வந்து சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார், இரண்டே இட்லி. புது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி தட்டைக் கழுவி வைத்தார். நாள் முழுக்க நானும் அவரும் மாறி மாறி, வெயில் அதிகம், ரயில் கூட்டம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ச் 11

மதியம். சாப்பாடு ஆயிற்று. துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் நின்றபடி, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மொதல்ல எழுத்து மேசை போச்சு. அப்பறம் ஷோகேஸு. தீபாவளிக்கு சோபா இல்ல. அந்தப் பெரிய மேசை காணாமப் போன அன்னிக்கு நீ பச்சச் சேல கட்டியிருந்த."

என் கையில் இருந்த துணி அப்படியே நின்றது. பாத்தீங்களா என்றேன்.

"பாக்காம? வாரத்துல ஒரு நாள் தான வூட்டப் பாக்கறேன், அதும் உம் முதுகுக்குப் பின்னால இருக்கற துளியூண்டு எடம். காசு பத்தாம ஒவ்வொண்ணா வித்துத் திங்கறேன்னு நெனச்சேன். சம்பளத்தப் பாதியாக்கிப் போட்டாங்க கோகிலா, கொரோனாவுலயே. உங்கிட்டச் சொல்லல. நீ விக்கறதுக்கு நாந்தான் காரணம்னு இருக்கறப்ப, எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஏன் வித்தேன்னு கேப்பேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மீதியையும் சொன்னார்.

"போன சாமானெல்லாம், கடைசில அந்த மேசையும், மறுபடி வாங்கிப் போட்டுட்டுதான் உம் முன்னால வந்து நிக்கோணும்னு ரெண்டு லீவயும் விட்டேன். ரூம விட்டுட்டு லேபர் கேம்புல எல்லாத்தோடயும் படுத்தேன். வந்து பாத்தா நீ கண்ணாடில மேசை வாங்கி வெச்சிருக்கற."

சாக்ஸ் போட்ட அந்தக் கால்கள் ஞாபகம் வந்தன. குறைந்து வந்த பணம் ஞாபகம் வந்தது. எல்லாம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது, என் முதுகுக்குப் பின்னால் எல்லாம் அவர் கண் முன்னால் இருந்த மாதிரி. நான் ஒன்று கேட்டிருந்தால், அவர் ஒன்று கேட்டிருந்தால், இரண்டு வருஷம் இப்படிப் போயிருக்காது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று தெரியாமல் கையிலிருந்த துணியை அவர் மேலேயே வீசினேன்.

"ஒண்ணயும் விக்கலீங்க. எல்லாம் வாடகைக்குப் போயிருக்குது."

அவருக்குப் புரியவில்லை. இந்த சோபாவும் வாடகைச் சோபாதான், உங்களுக்காக இறக்கினது என்றேன். அவர் குனிந்து சோபாவின் அடியில் பார்த்தார், மஞ்சள் நம்பர் இருந்தது. மேசைக்கு அடியில் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். புது மெத்தையின் பிளாஸ்டிக் வாசனை. பின்னாலிருந்து வெயில் வந்து எங்கள் காலைத் தொடும் வரைக்கும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 13

கிடங்குக்கு அழைத்துப் போனேன். ஹசீனா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு எங்கள் கம்பெனியில் ஒரு வேலை போட்டுத் தரலாம், சம்பளம் பேசிக்கொள்ளலாம் என்றாள். அவர் அடுக்கியிருந்த சாமான்களுக்கு நடுவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். புறாவை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த ஆபீசுக்குப் போனோம். மேசையை வாங்கிக்கொண்டுதான் வருவது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒப்பந்தமாவது ஒன்றாவது. ஃபெலிக்ஸ், மீட்டிங் நடக்கிறது என்று எங்களை வெளியில் நிறுத்தினான். கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே தெரிந்தது. மேசையைச் சுற்றி ஆறு பேர். சின்ன வயசுக்காரர்கள், நாலு பெண்கள், இரண்டு பையன்கள். குரல் கேட்கவில்லை. ஒருத்தி என்னவோ சொன்னாள், மற்ற ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். ஒரு பையன் மேசை மேல் தாளம் போட்டான். ஒரு டிபன் பாக்ஸ் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

அந்த மேசையைச் சுற்றி ஆள் நிறைந்து நாங்கள் இரண்டு பேரும் பார்த்ததே இல்லை.

இவர் கண்ணாடிக்கு மிக அருகில் நின்றார், மூச்சு பட்டு அந்த இடம் மங்கியது. கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே இருந்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்து, யாரோ தெரிந்தவர்கள் மாதிரி, கையசைத்தாள். இவரும் அசைத்தார்.

"இருக்கட்டும் கோகிலா," என்றார். "இங்கயே இருக்கட்டும்."

மார்ச் 17

மூன்று பெட்டியில் ஒன்றைத்தான் இதுவரை பிரித்திருக்கிறார். மற்ற இரண்டும் சுவரோரம் நிற்கின்றன. தினமும் அவற்றைச் சுற்றிக்கொண்டு கூட்டுகிறேன். விசா என்ன ஆயிற்று, திரும்பிப் போகிறாரா இல்லையா, ஒரு வார்த்தை இல்லை. இனி எதையும் கேட்காமல் விடுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு நாள் ஆகிறது.

இன்று காலை காபி கொடுக்கும்போது கேட்டுவிடுவது என்று தைரியம் செய்துகொண்டு போனேன். இங்கேயே இருப்பீர்களா என்றுதான் கேட்க நினைத்தேன். வாயைத் திறந்ததும், வாடகைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு வந்த இரண்டு வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"எத்தனை மாசத்துக்குங்க?"

டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் செத்துப்போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காபியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து என்னவோ சுரண்டுகிற சத்தம். எலி என்று நினைத்தேன்.

மார்ச் 18

துணி காயப்போட மாடிக்குப் போனேன். ஆறு தேக்கு நாற்காலிகளில் இரண்டு தனியாகத் தலைகீழாகக் கிடந்தன. அடியில் நம்பர் இருந்த இடம் சுத்தமாகச் சுரண்டப்பட்டு, எண்ணெய் தடவி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய பேனாக்கத்தி. தரையில் மஞ்சள் பொடி.

கீழே வந்து பார்த்தேன். இரண்டு பெட்டிகளும் திறந்து கிடந்தன. அவர் சட்டைகளை மாட்ட இடமில்லாமல் ஹாலில் நின்றுகொண்டு, "பீரோ எந்த ஊர்ல இருக்குது?" என்றார்.

சாமான் கணக்கில் இரண்டு நாற்காலி குறைத்துவிட வேண்டும், ஹசீனாவிடம் சொல்ல வேண்டும். மீதி நாலும் செவ்வாய்க்கிழமை சிங்காநல்லூருக்குப் போகின்றன. அந்த வீட்டில் ஆள் நிறையவாம்.